பால் சேராத பதினோரு மணி விருந்து: தோசையா, கலந்த சாதமா, சொதியா?

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பதினோரு மணிக்கு ஒரே பந்தி. வருகிறவர்களில் ஒருவருக்குப் பால் ஆகாது. முக்கால்வாசிப் பேர் சைவம். இரண்டு மூன்று பேர் முட்டையோ மீனோ இருந்தால் சந்தோஷப்படுவார்கள். என்ன சமைக்கலாம்?

அக்கம்பக்கத்தில் கேட்டால், "வழக்கமா பண்றதையே பண்ணுங்க, நெய்யும் தயிரும் மட்டும் விட்டுடுங்க" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெண்பொங்கலில் நெய்யை விட்டுவிட்டால் மிஞ்சுவது குழைந்த சோறும் பருப்பும்தான். நல்லெண்ணெய் ஊற்றி ஒப்பேற்றலாம், ஆனால் அது பொங்கல் ஆகாது. சாப்பிட வந்தவருக்கும் தன்னால் எல்லாருக்கும் ருசி குறைந்துவிட்டதோ என்று மனதுக்குள் உறுத்தும். பால், தயிர், நெய் எதுவுமே என்றைக்கும் சேராத பலகாரங்கள் நம் அடுப்படியில் ஏராளமாக இருக்கின்றன. பந்தியை அவற்றைக் கொண்டே அமைத்துவிட்டால் யாருக்கும் தனித்தட்டு வேண்டாம். கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்தக் கண்ணோட்டத்தில்தான்.

அதற்கு முன்னால் ஒரு போன் போட வேண்டும். "பால் ஆகாது" என்பதற்கு மூன்று விதமான அர்த்தம் உண்டு, மூன்றுக்கும் சமையல் வேறு. நேராகவே கேட்டுவிடலாம்: "அக்கா, பால் குடிச்சா வயிறு உப்புசம் ஆகுமா, இல்ல உடம்பு தடிச்சு மூச்சு முட்டுமா? இல்ல, பாலே வேண்டாம்னு விட்டுட்டீங்களா?"

முதல் வகைக்குக் காரணம் பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குடலில் குறைவாகச் சுரப்பவர்களுக்குப் பால் குடித்தால் வயிற்றைப் புரட்டும். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை என்பதால் இவர்களில் பலருக்கு ஒரு கரண்டி நெய் தொந்தரவு செய்யாது. இரண்டாவது வகை, பாலின் புரதத்துக்கு வருகிற ஒவ்வாமை. நெய்யைக் காய்ச்சி வடிகட்டினாலும் புரதம் துளியாவது தங்கும், அதனால் இவர்களுக்கு நெய்யும் கூடாது. நெய்த் தோசை வார்த்த கல்லில் அடுத்த தோசையை வார்த்துக் கொடுப்பதும் கூடாது. மூன்றாவது, கொள்கையாகவே பாலை விட்டவர்கள். அவர்களுக்குத் தேனும் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். முட்டைத் தொக்கை மேசையில் எங்கே வைக்கிறோம் என்பதும் அவர்களுக்கு முக்கியம். போனில் எந்தப் பதில் வந்தாலும் பால் விஷயத்தில் ஒவ்வாமைக்காரருக்கு ஏற்றபடி சமைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் அது பொருந்திவிடும்.

கடையில் வாங்குகிற பொருள்களில்தான் பால் ஒளிந்திருக்கிறது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டுமே அர்த்தம். நம் நாட்டுச் சட்டப்படி பாலும் சைவத்தில் சேர்த்தி, ஆகவே அந்தப் புள்ளி நமக்கு எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது பொருள்களின் பட்டியலையும் அதன் கீழே இருக்கும் ஒவ்வாமை அறிவிப்பையும். பால் கலந்திருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பால் உட்பட விலங்குகளிடமிருந்து வருகிற எதுவுமே சேராத 'வீகன்' உணவுக்கென்று 2022-இல் தனி விதிகள் வந்தன, அதற்கான முத்திரை பச்சை நிறத்தில் இலையோடு கூடிய 'வி' எழுத்து. அந்த முத்திரை இருந்தால் வேலை சுலபம். பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் பால் பவுடர் சேர்ப்பார்கள். தேங்காய்ப்பால் பவுடரிலேயே பல நேரம் 'சோடியம் கேசினேட்' என்று ஒன்று இருக்கும். அது பால் புரதம். தேங்காய் என்ற பெயரை நம்பி வாங்கிவந்து குழம்பில் கரைத்துவிட்டால் அத்தனையும் வீண். வீட்டுச் சமையலிலும் கவனிக்க வேண்டியவை உண்டு: ரவா இட்லியில் தயிர், சில வீட்டு ரவா தோசைக் கரைசலில் மோர், தொட்டுக்கொள்ள வறுக்கும் மோர் மிளகாய், கடைசியில் தாளிக்கிற நெய்.

இட்லி, தோசை, வடை

முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அரிசியும் உளுந்தும் வெந்தயமும் மட்டுமே உள்ள மாவு, துவரம்பருப்புச் சாம்பார், தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி. எதிலும் பால் இல்லை. யாரும் எதையும் விட்டுக்கொடுத்த மாதிரித் தெரியாது.

சிக்கல் அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான். ஆளுக்கு நாலு என்று வைத்தால் நாற்பது இட்லி. பதினாறு குழிச் சட்டியில் மூன்று ஈடு, ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முன்னாடியே வேகவைத்து, துணி போட்ட ஹாட்பாக்கில் அடுக்கிவிடலாம். இட்லியால் கவலையில்லை. தோசைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆளுக்கு மூன்று என்றால் முப்பது தோசை, ஒன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம், ஒரே கல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லை விட்டு நகர முடியாது. விருந்தாளிகள் கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, கூப்பிட்டவர் வியர்த்துக்கொண்டு தோசை திருப்பிக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் அந்த 'கூப்பிட்டவர்' பெரும்பாலும் ஒரு பெண் என்பதால் இதை நான் சாதாரணக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மெதுவடைக்கும் இதே கதிதான், சுடச்சுட எடுத்தால்தான் மொறுமொறுப்பு. பூரி மசால் பால் சேராத அருமையான ஜோடி, அதையும் இந்தக் காரணத்துக்காகவே பெரிய பந்திக்கு நான் சொல்லமாட்டேன்.

வீட்டில் நாலைந்து பேர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், தோசையே போடுங்கள். எல்லாரும் அடுப்படிக்கே வந்து நின்று கல்லிலிருந்து நேராகத் தட்டில் வாங்கிச் சாப்பிடலாம். அந்த ருசிக்கு ஈடு கிடையாது.

கலந்த சாதம்

புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கூடவே வடகமும் உருளைக்கிழங்கு வறுவலும். சமையல்காரர் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாடியே காய்ச்சி வைக்கலாம். சாதம் வடித்து ஆறவைத்துக் கலந்தால் முடிந்தது. ஆறினாலும் நன்றாக இருக்கும், புளியோதரை ஊற ஊறத்தான் ருசிக்கும். இருபத்தைந்து பேர் என்றாலும் பயமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சாதம் பரிமாறிவிட்டால் கை தானாகத் தயிரைத் தேடும். மூன்று வகைச் சாதம் சாப்பிட்டவர் கடைசியில் ஒரு பிடி தயிர் சாதம் இல்லாமல் எழுந்தால், வயிறு நிறைந்தும் சாப்பாடு முடிந்த மாதிரி இருக்காது. இட்லி, இடியாப்பம் சாப்பிடுகிறவருக்கு அந்த எதிர்பார்ப்பே வருவதில்லை. பால் சேராத பந்திக்குச் சாப்பாட்டைவிட டிபன்தான் பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வேர்க்கடலைப் பாலிலும் தேங்காய்ப்பாலிலும் மிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் உறைய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாக வருகிற நாளில் தாளித்துக் கலந்தால் சாதத்தோடு சேரும். ஒரு நாள் கெட்டியாக வரும், இன்னொரு நாள் நீர்த்துப் போகும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களும் இருப்பார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குச் செய்து பழகுங்கள், விருந்தன்று முதல் முயற்சி வேண்டாம்.

பான்கேக், சாண்ட்விச் வகையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறேன். பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால், வெண்ணெய்க்குப் பதில் வேறொன்று, பன்னீருக்குப் பதில் டோஃபு என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று தேட வேண்டியிருக்கிறது. செலவும் கூடுகிறது, லேபிள் படிக்கும் வேலையும் கூடுகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு சின்னத் தட்டு செய்யலாம், அவ்வளவே.

இடியாப்பம், சொதி

என் தேர்வு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வேளாளர் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான் ராஜா. மாப்பிள்ளைக்கு வைக்கும் மரியாதை என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. புளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. பச்சைமிளகாயும் இஞ்சியும் காரம் தரும், இறக்கிய பிறகு பிழிகிற எலுமிச்சை புளிப்புத் தரும். அங்கே சோற்றோடு பரிமாறுவார்கள், இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் அதைவிட நன்றாகப் பொருந்தும். இலங்கைத் தமிழர் வீடுகளில் இடியாப்பத்துக்குச் சொதி அன்றாடப் பழக்கம். அவர்களுடையது மஞ்சள் போட்ட, நீர்த்த, வெந்தய மணம் உள்ள சொதி, கூடவே தேங்காய்ச் சம்பல். நெல்லைச் சொதியை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது கெட்டியான விருந்துக் குழம்பு.

விருந்துக்கே உரிய செழுமை இதில் இருக்கிறது. நெய்யும் பாலும் தருகிற கொழுப்பின் நிறைவைத் தேங்காய்ப்பால் தந்துவிடுகிறது. சாப்பிட்டு எழுந்தவர்கள் பால் எங்கே என்று கேட்பதில்லை, குழம்பு இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

பத்துப் பேருக்கு முற்றிய தேங்காய் மூன்று, பாசிப்பருப்பு 150 கிராம், சின்ன வெங்காயம் கால் கிலோ, உருளைக்கிழங்கு மூன்று, கேரட் மூன்று, முருங்கைக்காய் இரண்டு, பீன்ஸ் 150 கிராம், கைப்பிடி பச்சைப்பட்டாணி. பச்சைமிளகாய் பத்துப் பன்னிரண்டு, இரண்டு அங்குல இஞ்சி, ஒரு முழுப்பூண்டு. தேங்காயைத் துருவி வெந்நீர் விட்டு அரைத்து மூன்று தடவை பிழிந்து, மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வையுங்கள். இஞ்சி, மிளகாய், பூண்டை அரைத்துத் தேங்காயெண்ணெயில் வதக்கி, வெங்காயமும் காய்களும் சேர்த்து மூன்றாம் பாலில் வேகவைக்க வேண்டும். காய் முக்கால் பதம் வெந்ததும் குழைந்த பருப்பும் இரண்டாம் பாலும் உப்பும். அது நன்றாகக் கொதிக்கலாம், ஒன்றும் ஆகாது.

முதல் பால் ஊற்றுகிற இடத்தில்தான் நிதானம் வேண்டும். தீயைக் குறைத்து ஒரு கையால் ஊற்றி, மறுகையால் கரண்டியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் லேசாகத் தந்த நிறத்துக்கு மாறும். பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன நுரை கட்டும், நடுவில் அசைவு இருக்காது. அந்த நுரை நடுவை எட்டுவதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்துவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மேலே மிதக்கும். எலுமிச்சையை இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும். இரண்டு பழம் போதும், ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். தாளிப்புக்குத் தேங்காயெண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, முந்திரி. சில வீடுகளில் முந்திரியை நெய்யில் வறுப்பார்கள், சொதிக்குள் பால் நுழையக்கூடிய ஒரே வாசல் அதுதான். தேங்காயெண்ணெயில் வறுத்தால் குழம்பின் மணத்தோடு இன்னும் நன்றாகவே சேர்கிறது.

சொதிக்குத் தொடுகறி இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். தேங்காய்ப்பால் கனத்த சாப்பாடு, ஜீரணத்துக்கு இஞ்சி வேண்டும் என்றுதான் அந்தக் காலத்திலேயே இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். துவையலை முந்தின நாளே அரைத்துவிடலாம், ஒரு துண்டு வெல்லம் போட மறக்காதீர்கள்.

இடியாப்பம்தான் இதில் உழைப்பு. ஆளுக்கு ஐந்து என்றால் ஐம்பது. மாவைக் கொதிநீர் விட்டு இளக்கமாகப் பிசைந்தால் அச்சில் சுலபமாக இறங்கும், தோள் வலிக்காது. ஒன்பது மணிக்குப் பிழிந்து அவித்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் மதியம் வரை மெத்தென்று இருக்கும். தோசையைவிட இது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்: வேலை அதிகமானாலும் ஆட்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிழிய ஆளில்லை என்றால் வாங்கிவிடுங்கள், தப்பே இல்லை. காலையில் சைக்கிளில் இடியாப்பம் கொண்டுவருகிறவர்கள் சென்னைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், முந்தின நாளே சொல்லிவைத்தால் எண்ணிக்கை குறையாமல் கிடைக்கும். தட்டில் நெய் தடவுகிறாரா எண்ணெய் தடவுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பம் சொதிக்கு இன்னும் அழகு, ஆனால் அதுவும் தோசை மாதிரி அடுப்படியில் கட்டிப்போட்டுவிடும். ஆறு பேருக்குள் என்றால் ஆப்பம், அதற்கு மேல் இடியாப்பம்.

சொதியிலும் குறை உண்டு. மிச்சமானால் மறுபடி கொதிக்கவைக்க முடியாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். நம் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், மீந்ததை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய்ப்பாலை அன்று காலையில்தான் பிழிய வேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஒருவர் இருந்தால் ஒருவர் இடியாப்பம், ஒருவர் பால் என்று பிரித்துக்கொள்ளலாம். அந்த ஒருவர் வீட்டு ஆண்களில் ஒருவராக இருக்கட்டும், தேங்காய் துருவவும் பிழியவும் யாரும் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ஒரே ஒரு பதார்த்தம் போதும். அதையும் முந்தின நாளே செய்யக்கூடியதாகத் தேர்ந்தெடுத்தால் காலையில் சைவ அடுப்போடு மோதாது. மீன் குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புளிக்காரமும் சொதியும் ஒரே தட்டில் சேராது, வாசனையும் வீடு முழுக்க நிற்கும், சைவக்காரர்கள் முகம் சுளிக்காவிட்டாலும் மனதில் படும். முட்டைத் தொக்குதான் இடியாப்பத்துக்குச் சரியான கூட்டு. வெங்காயமும் தக்காளியும் சுருள வதக்கி, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்ட தொக்கு. தொக்கை முந்தின நாள் செய்து, முட்டையைக் காலையில் அவித்துப் போட்டால் போதும். தனி மேசை, தனிக் கரண்டி, ஒரு மூடி.

இலங்கை முறையில் சம்பலும் வைக்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. அதில் வழக்கமாக மாசி சேர்ப்பார்கள். மாசி கருவாடு வகை, பார்த்தால் தெரியாது. சைவக்காரர்களுக்கு மாசி போடாமல் தனியாக இடித்து, எது எது என்று சொல்லியே பரிமாற வேண்டும்.

இனிப்பும் காப்பியும்

பால் வேண்டாம் என்றதும் பருப்புப் பிரதமன் நினைவுக்கு வரும். அருமையான இனிப்புதான், ஆனால் குழம்பிலும் தேங்காய்ப்பால், பாயசத்திலும் தேங்காய்ப்பால் என்றால் திகட்டிவிடும். புளியோதரைப் பந்தி என்றால் பிரதமன் வையுங்கள். சொதிப் பந்திக்கு நான் சொல்வது முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயறு மாவும் எள்ளும் தேங்காயும் வெல்லப்பாகில் பிடித்து, அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் தீபாவளிக்குச் செய்வார்கள், நாலைந்து நாள் முன்னாடியே செய்துவைக்கலாம், நெய்யே வேண்டாம். தூத்துக்குடி மக்ரூன் கிடைத்தால் அதுவும் ஆகும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான் அதில், பால் கிடையாது. முட்டை சாப்பிடாதவர்களிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

காப்பியில்தான் பந்தி பிசகக்கூடும். சோயாப் பாலைச் சூடான டிகாக்‌ஷனில் ஊற்றினால் பல நேரம் திரிந்துவிடும். ஓட்ஸ் பால் திரியாமல் நிற்கும், கொஞ்சம் தித்திப்பாக இருப்பதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரதான பானமாகச் சுக்கு காப்பியை வையுங்கள்: சுக்கு, மல்லி, மிளகு, உடன்குடிக் கருப்பட்டி. சொதி சாப்பிட்ட வயிற்றுக்கு அது இதமும் கூட. பசும்பால் ஃபில்டர் காப்பி இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு, வந்திருப்பவர் லாக்டோஸ் ஆகாதவராக மட்டும் இருந்தால், தனிப் பாத்திரத்தில் காய்ச்சிக் கொடுக்கலாம். ஒவ்வாமைக்காரர் வந்திருந்தால், குறிப்பாக அது குழந்தையாக இருந்தால், அன்றைக்கு வீட்டில் பால் பாக்கெட்டையே பிரிக்காதீர்கள். கைமாறும் டம்ளரையும் கரண்டியையும் பத்துப் பேர் நடுவில் யாராலும் கண்காணித்துக்கொண்டிருக்க முடியாது.